நெஞ்சில் வைத்த கை

மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் வியட்நாமியத் தற்காப்புக் கலை வகுப்பு முடிகிறது. நீலச் சீருடைப் பிள்ளைகள் வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிகிறார்கள். அதுதான் அவர்களின் வணக்கம்.

பத்து வயதில் நானும் இதைப் பழகி, அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வேலையால் வந்ததும் குசினி வாசலில் நெஞ்சில் கை வைத்துக் குனிவார்.

“மாஸ்டர், நான் வந்திட்டன்!”

ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். முகமெல்லாம் வியர்வை. நானும் சிரித்துக்கொண்டே குனிந்தேன். எதிரில் நிற்பவர் நிமிரும்வரை நிமிரக் கூடாது என்பது வகுப்பின் ஒழுங்கு. காத்திருந்தேன். அம்மா ஓடிவந்து கத்தும்வரை காத்திருந்தேன்.

அப்பா பிறகு நிமிரவேயில்லை.

இப்போது என் மகள் ஓடிவந்து, நெஞ்சில் கை வைத்து என் முன்னால் குனிகிறாள்.

“அம்மா, யுவர் டேர்ன்.”

எனக்குக் கை எழும்பவில்லை. அவள் குனிந்தபடியே காத்திருக்கிறாள்.