மூடிக்குள்ளேயே எழுதியிருக்கும்

கார் பழுது பார்க்கும் தொழிலில் பாதி வேலையைக் கை செய்யும், மீதியை வாய் செய்யவேண்டும். நான் ரெம்பா டவுனில் ஒர்க்‌ஷாப் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பக்கத்துத் தோட்டத்து வண்டிகள் என் கைக்கு வந்தால்தான் கடை நிலைக்கும். ஆகவே, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு பாடம் நடத்துவேன்: "பெட்ரோல் தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றேழா என்று ஊரெல்லாம் கேட்காதீர்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளேயே எழுதியிருக்கும்." வாயைக் கட்டத் தெரியாமல் கடை வைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஆயுத பூசை

சரசு அக்கா தன் பழைய காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தொண்ணூற்றேழு ஊற்றிக்கொண்டு வந்தார். நான் விடுவேனா? "நம்பர் கூடினா வேகம் கூடாதுக்கா. இன்ஜின் தட்டாம இருக்கத்தான் அது. ஒங்க காருக்குத் தொண்ணூத்தஞ்சே போதும்" என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"வருசம் பூரா அதான் குடிக்குது தம்பி. தீவாளிக்கு நீ மட்டும் ரசஞ்சோறா சாப்பிடுவே?"

பாதிக்குப் பாதி

எதிர்வரிசைச் சாப்பாட்டுக் கடை பாய், வேனில் இரண்டையும் பாதிப் பாதி ஊற்றுவார். கலந்தால் கெடுதல் இல்லை, அவர் வேனுக்குப் பலனும் இல்லை என்று அரைமணி நேரம் பேசினேன். வாங்கி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனதுதான் மிச்சம்.

"கோப்பியும் தேயும் கலந்து சாம்னு விக்கிறவன்கிட்ட வந்து, கலக்காதேங்கிறியே லா!"

என் மூடி

ஒருநாள் தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி வந்தார். தோட்டத்து லோரிகளைப் பழுது பார்க்க யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். நீலாயில் புதிதாக வாங்கியிருந்த என் செகண்ட்ஹேண்ட் டர்போ காரில் அவரைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் அதே பாடத்தை நடத்தினேன். செம்பனைக்காட்டு மேடு வந்தது. இன்ஜின் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். அதையும் மீறித் தட்டியது.

மேட்டின் மேல் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் மூடியைத் திறந்தார். உள்ளே கொட்டை எழுத்தில் 97. பழக்கதோஷத்தில் நான் ஊற்றியிருந்தது தொண்ணூற்றைந்து. வேலை போயே போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"எங்க லோரி எல்லாம் டீசல்தான் தம்பி. ஒனக்குக் கொழப்பமே வராது, நாளைக்கே வேலைக்கு வா லா."

இப்போதும் நான் பாடம் நடத்துகிறேன்தான், ஆனால் என் கார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.