உலகம்மை போட்ட பங்கு

சாலைக் கடைத்தெருவில் குற்றாலலிங்கத்தின் பலசரக்குக் கடைக்கு வட்டிக்குப் பணம் கேட்டு வருகிறவர்கள் அவரிடம்தான் பேசுவார்கள். அவர் மனைவி உலகம்மை உள்ளே வற்றல் மிளகாயைத் தரம் பிரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். தாய்வீட்டுத் தோப்பை விற்று வந்த எழுநூறு ரூபாய் அவள் பேரில் இருந்தது. வட்டிக்கு விடலாம் என்று கணவர் சொன்னதற்கு அவள் பிடிகொடுக்கவில்லை.

1952 தை மாதம் மலையடிவாரத்து வித்துராவிலிருந்து யோசுவா வந்தார். ஐம்பது வயது, பொன்முடித் தேயிலை ஆலையில் இருபது வருடம் யந்திரம் பார்த்தவர். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைச் சீவ, காலால் மிதித்து ஓட்டும் ஒரு யந்திரம் செய்திருந்தார். பத்து செய்து விற்க அறுநூறு ரூபாய் வேண்டும் என்றார். ஈடு வைக்க ஒன்றுமில்லை. குற்றாலலிங்கம் காப்பி கொடுத்து, பணம் இல்லையென்று மரியாதையாகவே சொன்னார்.

படியிறங்கப் போனவரை உலகம்மை நிறுத்தி, இதுவரை யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டாள். ஒருவரும் இல்லை என்றார் யோசுவா. சுற்றிவளைக்காத அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது.

அந்த வியாழக்கிழமையே கணவரையும் கூட்டிக்கொண்டு வித்துரா பஸ் ஏறினாள். யோசுவா அடுக்கி வைத்திருந்த நல்ல கிழங்குகளை ஒதுக்கிவிட்டு, சந்தையில் கோணல் கிழங்காகப் பார்த்து ஒரு கூடை வாங்கி வரச் சொன்னாள். மூன்றாவது கிழங்கிலேயே யந்திரம் இறுகி நின்றது.  எங்கே சிக்குகிறது என்பதை யோசுவா தானே கழற்றிக் காட்டினார்.

பிறகு அவள் கிழங்கு சீவும் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்த பகவதி என்பவள் சொன்னாள்: "மெசின் நல்லதுதான். வெலைக்கு வாங்க எங்க கையில ரூவா ஏது? நாள் வாடகைக்குத் தந்தா எடுப்போம்."

உலகம்மை திரும்பி வந்து யோசுவாவிடம் தன் முடிவைச் சொன்னாள். பத்து வேண்டாம், முதலில் மூன்று போதும். விற்க வேண்டாம், வாடகைக்கு விடலாம். இப்போது இருநூறு, கோணல் கிழங்கு சீவியதும் மீதி நானூறு. வட்டி கிடையாது, லாபத்தில் கால் பங்கு.

"நட்டம் வந்தா?" என்றார் யோசுவா.

"போட்டவளுக்கு நட்டம். அதுக்காக உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டேன், கேட்டியளா?"

 குற்றாலலிங்கம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் மாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. சீவிப் போட்ட கிழங்கு காயாமல் பூசணம் பூத்தது. மூன்று யந்திரங்களும் செய்து முடித்த கையோடு சும்மா கிடந்தன. வீட்டில் குற்றாலலிங்கம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் வித்துராக்காரர் யார் கடைக்கு வந்தாலும் அங்கே வெயில் அடிக்கிறதா என்று விசாரித்தார். அதைக் கேட்டு உலகம்மை உள்ளே இருந்து சிரித்துக்கொள்வாள்.

அடுத்த தைக்குள் யோசுவா யந்திரத்தின் பல்சக்கரத்தை மாற்றியமைத்தார். கோணல் கிழங்கையும் அது சீவியது. சொன்னபடி மீதி நானூறும் அவர் கைக்குப் போயிற்று. 1955இல் ஒன்பது யந்திரங்கள் வீடு வீடாகச் சுற்றின. முதல் பங்காக நாற்பத்தொரு ரூபாயைக் கொண்டுவந்த யோசுவாவைச் சாப்பிடாமல் போக விடவில்லை குற்றாலலிங்கம். இரண்டு பேரும் பல்சக்கரத்தைப் பற்றி வெற்றிலை தீரும்வரை பேசினார்கள். உலகம்மை அந்தப் பணத்தை அப்படியே யோசுவாவிடம் திருப்பிக் கொடுத்து, பத்தாவது யந்திரத்துக்கு இரும்பு வாங்கச் சொன்னாள்.