ஆட்டுத் தலை, மீன் வால்

ஹில்டா ப்ரெஸ்காட் பிறந்தது யார்க்‌ஷயர் கடலோரத்து ஸ்கார்பியில், மீன்பிடிக்கிற குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது மேட்டிலிருக்கும் ஹெல்ம்தார்ப்பில், ஆடு வளர்க்கிற ஆர்னால்டுக்கு. அதனாலேயே இரண்டு ஊரும் அவளை நம்பவில்லை. 1974-இல் அரசாங்கம் இரண்டு ஊரையும் ஒரே நகர மன்றமாக ஒட்டவைத்தபோது, செயலாளர் நாற்காலி அவள் தலையில் விழுந்தது.

புது மன்றத்துக்குப் புதுச் சின்னம் வேண்டும். சனி அங்கேதான் பிடித்தது.

ஸ்கார்பியின் பழைய சின்னக் கேடயத்தில் மீன், ஹெல்ம்தார்ப்பின் கேடயத்தில் செம்மறிக் கடா. இரண்டையும் போட்டுவிடலாம் என்றாள் ஹில்டா. மீன் மேலேயா, கடா மேலேயா?

"எங்க கடா தலைமேல உங்க மீன் நாறணுமாக்கும்?" என்றார் பண்ணைக்காரர் உட்ஹெட்.

"உங்க கடா புழுக்கை போட்டா எங்க மீன் மேலதானே விழும்?" என்றார் படகுக்காரர் ஜாக்மன்.

அருகருகே வைக்கலாம் என்றால், கேடயத்தில் வலப்பக்கத்துக்குத்தான் மரியாதை அதிகம் என்று யாரோ படித்துவிட்டு வந்தார்கள். குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. சாக்கடை அடைத்துக்கொண்டு ஸ்கார்பி கடைத்தெரு நாறியது. அதைப் பேச யாருக்கும் நேரமில்லை.

"ஏம்மா ஹில்டா, நீ எங்க ஊர்ப் பொண்ணுதானே, ஒரு வார்த்தை சொல்லேன்," என்றார் ஜாக்மன்.

"அவ எங்க வீட்டு மருமக!" என்றார் உட்ஹெட்.

ஹில்டா பேனாவை மேசையில் எறிந்தாள். "கடா தலையை வெட்டி மீன் வால்ல ஒட்டுங்க! ஒரே பிராணியா நின்னு தொலையட்டும்! என்னை விடுங்க, சாக்கடையைப் பாக்கணும்!"

வேலை போச்சு என்று நினைத்தாள்.

"தலை எங்களுது," என்றார் உட்ஹெட் மெதுவாக.

"வால் இல்லாம அது நீந்துமா? உசுரே வால்லதான் இருக்கு," என்றார் ஜாக்மன்.

ஆளுக்கொரு வெற்றி. கைகள் உயர்ந்தன. அவள் கோபத்தில் கத்தியது தீர்மானமாகிவிட்டது. அடுத்த வாரம் லண்டனில் சின்னம் வழங்கும் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: இந்தக் கடற்கடாவின் பொருள் என்ன?

பல்லைக் கடித்துக்கொண்டு அவளே எழுதினாள்: 'நிலமும் கடலும் ஓருயிர்.'

அந்தப் பிராணி குப்பைத்தொட்டியிலும் மேயரின் சங்கிலியிலும் ஏறியது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அதன் தத்துவத்தை விளக்குவதும் அவள் வேலையாயிற்று. புல் தின்னுமா, மீன் தின்னுமா என்று ஏதாவதொரு பிள்ளை கேட்காமல் விட்டதில்லை. "நிர்வாகம் பண்றவங்க உசுரைத் தின்னும்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சிரித்துச் சமாளிப்பாள்.

அவள் ஓய்வுபெற்ற அன்று ஜாக்மன் மேடையேறி, அந்தச் சின்னம் தனக்குத் தோன்றிய யோசனை என்றார். உட்ஹெட் எழுந்து, இல்லை, தனக்கு என்றார். விருந்தில் மறுபடி சண்டை.

ஹில்டா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் வண்டியோடு நின்ற ஆர்னால்டு, "உன் யோசனைன்னு சொல்லலையா?" என்றார்.

"வாயை மூடிட்டு வண்டியை எடுங்க."