சூளையில் சுருங்கிய லூப் லைன்

மண் சூளைக்குள் போனால் சுருங்கும் என்பது விருத்தாசலத்தில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். இருபது வருஷமாகப் பீங்கான் பட்டறையில் கிடந்த எனக்கு அது ஒரே ஒரு நாள் மறந்துபோனது. அதில் இன்னொருவனுடைய உத்தியோகம் போகப் பார்த்தது.

செல்போன் ஊருக்குள் வந்துவிட்டது. காமிராவில் மட்டும் இன்னும் பிலிம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் பியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்துகொண்டிருந்த எனக்கு, நாற்பதைத் தாண்டியதும் மொட்டை மாடியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்ட ஆசை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும்.

என்னோடு கூடப் படித்தவன் பக்கத்து ஊர் சின்ன ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தான். அந்த ஸ்டேஷனையே கட்டினேன். நாலு செங்கல் மேல் பழைய கதவு ஒன்றைப் படுக்கப் போட்டால் பூமி தயார். சைக்கிள் ஸ்போக்குதான் தண்டவாளம். உடைந்த டீ கப்பை இடித்துச் சலித்தால் ஜல்லி. பிளாட்பாரத்துக்குக் கொலு அச்சில் வார்த்த குட்டி ஆட்கள். பியூஸ் கட்டை அட்டைப் பெட்டியை வெட்டிப் பாசஞ்சர் வண்டி ஒன்று, கூட்ஸ் வண்டி ஒன்று. கூட்ஸில் நிஜமான பழுப்பு நிலக்கரித் தூள். கம்மாபுரத்துச் சொந்தக்காரர் ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் கொடுத்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உறவு முறிந்திருக்கும்.

மெயின் லைனை ஒழுங்காக மரச்சட்டத்தில் போட்டேன். வண்டி ஒதுங்கி நிற்கிற பக்கத்து லைன், அதாவது லூப் லைனை மட்டும், தொழில் திமிரில் மண்ணில் வார்த்து, ஸ்போக்கு உட்காரக் காடியும் வைத்துச் சூளையில் கொடுத்தேன். வெளியே வந்தபோது அழகாக, கிண்ணென்று, பத்தில் ஒரு பங்கு சுருங்கி வந்தது. அதில் எந்த வண்டியும் உட்காரவில்லை. கூடவே சுட்ட இரண்டு கைகாட்டி மரங்களிலும், நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய கை சூட்டில் தொய்ந்து கீழே இறங்கிவிட்டது. கை இறங்கினால் ‘லைன் காலி, வா’ என்று அர்த்தம்.

நான் அசரவில்லை. இரண்டு வண்டியையும் மெயின் லைனிலேயே எதிரும் புதிருமாக வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

படம் எடுக்க ஸ்டூடியோக்காரத் தம்பி காலை வெயிலுக்கு வந்தார். தண்டவாள மட்டத்தில் காமிரா இருந்தால்தான் நிஜம் போலத் தெரியும் என்று இருவரும் குப்புறப் படுத்தோம். இன்ஜினுக்குப் பின்னால் ஊதுபத்தி புகைந்தது.

“அண்ணே, கொஞ்சம் மூச்ச நிறுத்துங்க. பிளாட்பாரத்துல புயலடிக்குது.”

நிறுத்தினேன். படம் வந்தது. பின்னால் நிஜ வானம், நிஜப் புகை, போர்டில் நிஜ ஊர்ப் பேர். தம்பி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒரு கல்யாண ஜோடிக்கும் குப்புறக் கிடந்த ஒரு குழந்தைக்கும் நடுவில் கடைக் கண்ணாடியில் மாட்டினார். தினமும் டீ குடிக்க அந்த வழியாகவே போனேன். வீட்டிலும் டீ இருந்தது.

நாலாம் நாள் காலை தம்பியிடமிருந்து போன்.

“அண்ணே, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒரு ரயில்வே ஆபீசர் வந்தாரு. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவராம். ஒங்க படத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நோட்டுல என்னவோ எழுதறாரு.”

“பொம்மைன்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். எனக்கே காது குத்தறியான்னு கேக்கறாரு.”

அடுத்த கேள்விக்கு நான் நிற்கவில்லை. அனுமதியின்றிப் படம் எடுப்பது குற்றம் என்று ஸ்டேஷனில் எழுதியிருப்பது கண்ணுக்குள் வந்தது. எனக்கு விலங்கு மாட்டி, நான் கட்டிய அதே பிளாட்பாரத்தில் நடத்திக் கூட்டிப் போகிறார்கள். பிளாட்பாரமே ஒரு முழ நீளம்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. மாடிக்கு ஓடினேன். இதுவும் சுருங்கிவிடுமோ என்ற பயத்தில் ஸ்டேஷன் கட்டடத்தையும் பிளாட்பாரத்தையும் சுடாமல் பச்சை மண்ணாகவே விட்டிருந்தேன். தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையின் களிமண் தொட்டியில் அமுக்கினேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கூழாகிவிட்டது. அட்டை வண்டிகளை வெந்நீர் அடுப்பில் திணித்தேன். கூட்ஸ் நன்றாக எரிந்தது, நிலக்கரி இருந்ததால்.

“ஏங்க, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றாள் மனைவி.

“தடயம்டி. அழிக்கணும்.”

“ஆளு பொம்மைங்கள நான் எடுத்துக்கிட்டேன். கொலுவுக்கு ஆவும்.”

சுட்ட கைகாட்டிகளை உடைத்து, ஜல்லியோடு துளசிச் செடியில் கொட்டிவிட்டுக் கை கழுவும்போது, வாசலில் மொபெட் நின்றது. கூடப் படித்தவன். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தான்.

“யோவ், அந்தப் பொம்ம ஸ்டேஷன் எங்க? தூக்கு.”

“எதுக்கு?”

“ஒரே லைன்ல ரெண்டு வண்டி. ரெண்டு கைகாட்டியும் எறங்கியிருக்குது. டூட்டில எவன் இருந்தான்னு ஸ்டூடியோவுல இருந்து ஆபீசர் போன் பண்ணிக் கேக்கறாரு. அடுத்த மாசம் எனக்கு பிரமோஷன்யா. மெமோ ஒண்ணு வந்துச்சின்னா அதோட முடிஞ்சிது. பொம்மைய நேர்ல காட்டுனாதான் நம்புவாரு.”

நான் தொட்டியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

“கரச்சிட்டேன்.”

“எத?”

“ஸ்டேஷன.”

அவன் திட்டவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கூழுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தான். அதுதான் அவன் ஸ்டேஷன். எனக்கு அப்போதுதான் பயத்தின் நிஜ சைஸ் தெரிந்தது: என் பயம் சூளையில் சுருங்காமல் வீங்கி, அவன் தலையில் உட்கார்ந்திருந்தது.

மனைவி ஆள் பொம்மைகளை ஒரு சம்படத்தில் போட்டு என் கையில் திணித்தாள். “இருக்கறத காட்டுங்க. போங்க.”

ஸ்டூடியோவில் ஆபீசர் நாற்காலியில் இருந்தார். மடியில் நோட்டு. என் நண்பன் வாசலிலேயே சல்யூட் மாதிரி ஒன்று வைத்தான்.

“பொம்மைன்னா பொம்மை எங்க?” என்றார் ஆபீசர்.

“கரைஞ்சிடுச்சிங்க சார்.”

“ரயிலு?”

“எரிஞ்சிடுச்சிங்க.”

“ரெண்டும் இன்னிக்குக் காலையிலயா?”

தலையாட்டினேன். உலகத்தில் எந்தக் குற்றவாளியும் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க மாட்டான். அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். நண்பன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்படத்தை மேஜையில் கவிழ்த்தேன். விரல் நகம் உயரத்துக்குப் பதினான்கு பேர் உருண்டார்கள். “இவங்கதான் சார் பிளாட்பாரத்துல இருந்தவங்க. பயணிங்க எல்லாம் ஒரே அச்சுங்க. படத்துல பாருங்க.”

தம்பி பிலிம் பார்க்கும் லென்ஸை நீட்டினார். ஆபீசர் அதை வாங்கி, கடைக் கண்ணாடியில் மாட்டியிருந்த படத்தின் மேல் குனிந்தார். ஒரு பயணியைப் பார்த்தார். அடுத்தவரை. அதற்கடுத்தவரை. மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துப் படத்தோடு ஒட்டிப் பிடித்தார். சட்டை வேறு வேறு நிறம். மூக்கு ஒன்று, தொப்பை ஒன்று, வாய்க்குப் போகிற வலது கை ஒன்று.

“எல்லாரும் என்ன பண்றாங்க?”

“சாப்புடறாங்க சார். கொலுவுல வைக்கிற கல்யாணப் பந்தி செட்டு.”

“ரெண்டு வண்டி மோதப் போவுது. ஒருத்தனும் கையக் கழுவல.” லென்ஸைக் கீழே வைக்காமலே கேட்டார்: “நடுவுல நிக்கிறது?”

“உதவி ஸ்டேஷன் மாஸ்டருங்க.”

“கையில?”

நான் நண்பனைப் பார்க்காமல் சொன்னேன். “கைவிளக்குங்க. முன்னாடி அது சாம்பார் வாளி. பந்தி பரிமாறுற ஆளு.”

ஆபீசர் நோட்டில் எழுதியிருந்த தாளைக் கிழித்து நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை பெரியது. போகும்போது தம்பியிடம், “அந்தக் கைகாட்டிய மட்டும் தூக்கிவிடச் சொல்லு. தூக்கம் வராது எனக்கு,” என்றார்.

திரும்பும்போது மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கேட்டில் நண்பன் வண்டியை நிறுத்தினான். கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டான்.

“சாம்பார் வாளியாய்யா?”

“சின்ன சைஸ்ல ஆளு அச்சு அது ரெண்டுதான் இருந்துச்சி. ஒன்ன சாப்புடறவனா வைக்க மனசு வரல.”

நாலு நாள் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் பட்டறைக்கு வந்து, தொட்டியில் படிந்திருந்த மண்ணை ஒரு விரலால் கிளறினான்.

“திரும்பக் கட்டு,” என்றான். “ஆனா ஒரு வண்டிதான். என் கையில இருக்கற அந்த வாளிய வாங்கிக் கீழ வச்சிரு.”