ஈரம் படக்கூடாத வேர்

எனக்கு வலிப்பு வரும் என்பது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்ததில்லை. குழாயடியில் குடத்தோடு நிற்பேன். கண்ணைத் திறந்தால் மண்ணில் கிடப்பேன். கையில் யார் வீட்டுச் சாவியோ இருக்கும். இரும்பு பிடித்தால் நிற்குமாம். நடுவில் இருந்த நேரம் எங்கே போனது என்று யோசிப்பேன். குடத்தை யார் நிரப்பினார்கள் என்றும் புரியாது.

தாராவியில் தோல் பதனிடும் இடத்தை ஒட்டி எங்கள் குடிசை. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. ஆவாரம் பட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் தோலைப் போடுவார்கள். அப்பாவின் கை முழங்கை வரை பட்டை நிறம். எந்தச் சோப்புக்கும் போகாது. அம்மா மாதுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மதியம் வருவாள்.

எங்களைப் பம்பாய்க்குக் கூட்டி வந்தவர் பெரியப்பா. அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போக இருந்தார். அதற்கு முன் ஒரு நாள் வந்து, என்னை வைத்துக்கொண்டே பேசினார்.

“ஏல தம்பி, பிள்ளைய எங்கூட அனுப்பு. இந்த மாதிரிப் பிள்ளைகளக் கோயில்ல கெட்டிப் போட்டு வச்சிருக்காவ. கொணமானதும் கூட்டியாரலாம்.”

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். அடுப்பிடம் பேசினாள். “கெட்டிப் போடுததுக்கு இவ என்ன ஆட்டுக்குட்டியா?”

அப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவ வந்தா பாப்பம்ணே” என்றார்.

இன்னொரு தடவை வந்தால் நான் ஊருக்கு. அதை வராமல் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. வருவதே எனக்குத் தெரியாதே.

பக்கத்துக் குடிசை மராட்டிக்காரம்மா பேச்சைக் கேட்டு, அம்மா என்னை டிராமில் பிண்டி பஜாருக்குக் கூட்டிப் போனாள். ஹக்கீம் என்கிற யுனானி வைத்தியர் கடை. அலமாரி முழுக்கக் காய்ந்த குச்சியும் கொட்டையும். கடைக்காரர் ஒரு கோணல் வேரை எடுத்து நுனியைச் சீவிக் காட்டினார். உள்ளே கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் கூட்டல் படித்திருந்தேன். இதில் எதோடு எதைக் கூட்ட வேண்டும் என்று விளங்கவில்லை.

அம்மாவின் இந்தி காய்கறிக் கடையோடு சரி. அவளுக்குப் புரிந்தது இவ்வளவு. வேரின் பெயர் ஊத் சலீப். வடக்கே பனிமலையில் தானாக முளைக்கிற பூச்செடி. கழுத்தில் கட்டி நெஞ்சில் பட விட வேண்டும். தண்ணீர் படக்கூடாது.

கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்டாள். குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டுவாள். அப்பா அதை இரண்டு நாள் பார்த்தார்.

“நனஞ்சா என்ன ஆகும்?”

“சத்து போயிரும்.”

“போறது எங்க போவுது? தண்ணிக்குள்ளதானட்டி போவுது? அப்ப தண்ணியல்லா குடிக்கணும்.”

“ஒங்க தொட்டிப் புத்திய இங்க காட்டாதீங்க” என்றாள் அம்மா. “இது பிள்ளை. தோல் இல்ல.”

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அதனால் இன்னும் குழப்பம். சத்து வாசனையில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? வேரை மோந்து பார்த்தேன். லேசாக ஒரு வாசம். நாக்கில் வைத்தேன். கசந்தது. எது மருந்து என்று தெரியவில்லை.

ஒரு நாள் காலை அம்மா வேலைக்குப் போனதும், அப்பா வேரை என் கழுத்திலிருந்து கழற்றினார். டம்ளரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி உள்ளே போட்டார். தண்ணீர் மெல்ல டீ நிறத்துக்கு வந்தது. தொட்டித் தண்ணீரைப் பார்ப்பது போலவே விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பாதியைக் குடித்தார்.

நான் கையை நீட்டினேன். “எனக்கு?”

“பொறு.”

மீதியை மூடி அலமாரியில் வைத்தார். வேரைத் துடைத்து என் கழுத்தில் மாட்டினார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து கையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். சாப்பிடவும் இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலிப்பு எனக்கு, மருந்து அவருக்கா?

அம்மா வந்தாள். என் கவுனில் பழுப்புக் கறையைப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். ஈரம். முகம் மாறியது. சண்டை வரப்போகிறது, முந்திக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன்.

“அப்பா எம் மருந்தக் குடிச்சிட்டாரு.”

அம்மா சத்தம் போடவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

“எப்போ?”

“நீ போனதும்.”

“இப்ப எப்படி இருக்கு?”

“வாய் துவர்க்குது. வேற ஒண்ணுமில்ல.”

அம்மா நேரே உள்ளே போனாள். அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். “பொம்பள ஒடம்புக்கும் பாக்கணும்லா” என்றாள். அவளும் வாசலில் போய் உட்கார்ந்தாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகும் எனக்கு வலிப்பு வந்தது. பெரியப்பா புறப்படுவதற்கு முந்தின நாளே வந்தது. மறுநாள் அவர் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார். “அவ இங்கயே கெடக்கட்டும்ணே” என்றார் அப்பா. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய், பெரியப்பாவை ரயிலடியில் விட்டுவிட்டு வந்தார். இன்னொரு தடவை வந்தால் ஊருக்கு என்றவர் ஏன் அனுப்பவில்லை என்று விளங்கவில்லை. ரயிலில் இடம் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பெரிய மனுஷி ஆவதற்குள் வலிப்பு தானாக நின்றது. எது நிறுத்தியது என்று இன்றும் தெரியாது.

என் மகள் மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறாள். அவளிடம் சொன்னேன். காட்டுப் பியோனிச் செடியின் வேராம் அது. அதில் என்னென்னவோ இருக்கிறதாம். பியோனிஃபுளோரின் என்று ஒன்று. வாசனைக்கு வேறு, துவர்ப்புக்கு வேறு. அந்தத் துவர்ப்புச் சரக்கு ஆவாரம் பட்டையிலும் உண்டாம். வலிப்புக்குக் கேட்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அளவு கூடினால் குடலைப் புரட்டும், தெரியாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றாள்.

அப்பா வேரை ஊறவைத்த அன்று, விளக்கு வைக்கிற நேரம் வரை இரண்டு பேரும் வாசலில் இருந்தார்கள். பிறகு அம்மா டம்ளரை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். அடியில் ஒரு வாய்தான் இருந்தது. என் மருந்தை இரண்டு பேரும் குடித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று நான் அழுதேன்.