பேய் அகராதியின் கடைசிச் சொல்

கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கும்போது எழுகிற பச்சை வாடை இன்றைக்கு எங்காவது மூக்கில் பட்டாலும் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்து ஐப்பசியில், தாளடி நடவுக்கான மழை விடாமல் கொட்டி, திருவாரூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாமல் கிடந்த நாட்களில், சோற்றிலும் போர்வையிலும் அந்த வாடைதான். அந்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தவள் என் சித்தி ரெஜினா, அம்மாவின் தங்கை. முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தவள்.

'பேய் அகராதி'யை ஆரம்பித்து வைத்ததும் அவள்தான். மளிகைப் பொட்டலத் தாள்களில் வரும் கதைத் துணுக்குகளிலிருந்து, பேச்சில் அதிகம் அடிபடாத வர்ணனைச் சொல் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, தையல் மிஷினை மிதித்தபடியே எங்களிடம் வீசுவாள். நானும் அக்காவும் ஆளுக்கொரு பொருளை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். உண்மையான பொருளை எழுதினால் தோல்வி. சிரிப்பும் வரவேண்டும், கொஞ்சம் குலையும் நடுங்க வேண்டும், அதுதான் சட்டம். 'சொதசொதத்த' என்றால் நடவு வயலில் இறக்கிய காலை அடியிலிருந்து யாரோ நக்கிப் பார்ப்பது என்று நான் எழுதினேன். 'நமுத்த' என்றால் உயிர் போனபின் அப்பளத்துக்கு வருகிற அமைதி. 'கூனிக்குறுகிய' என்பதற்கு, அளவெடுக்காமல் செய்த சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவர் என்று அக்கா எழுதியபோது, "அடி பாவிகளா, இனிமே நான் சோறு திங்க முடியுமாடி?" என்று சித்தி ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

பிறகு அவளுடைய கண் மஞ்சளாயிற்று. தஞ்சாவூருக்கு அழைத்துப்போனவர்கள் மூன்றாம் நாளே திரும்பிவிட்டார்கள். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது, கிறிஸ்துமஸ் வரை தாங்கலாம் என்று டாக்டர் சொன்னது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். சித்தியிடம் சொன்னது வேறு: "மஞ்சக்காமாலைதான், பத்தியமா இருந்தா ஓடிப்போயிடும்." அவள் நம்பினாள். வாடை பிடிக்காவிட்டாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் அப்போது சாவைச் சொல்கிறவர் டாக்டர் அல்ல, மாதா கோயில் சாமியார். சாகக் கிடப்பவர்களுக்கு நெற்றியிலும் உள்ளங்கையிலும் மந்திரித்த எண்ணெய் பூசுவார். அதற்கு 'அவஸ்தைப் பூசுதல்' என்று பெயர். எண்ணெய்ச் சிமிழோடு அவர் படியேறினால் படுத்திருப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும். அதனாலேயே நினைவு தப்பும்வரை அவரை வரவிடாமல் தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளிப்போட்டு, பூசாமலே போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நிறையப் பேர்.

அடுப்படியில் ஒரு நாள் அப்பா, "பூசாம போயிட்டா பாவமில்லையா?" என்று கேட்டார்.

"அவரு எண்ணெயோட வந்து நின்னா அவ அன்னிக்கே செத்துடுவா. நான் கோயில் வாசல்லயே சொல்லி அனுப்பிட்டேன்," என்றாள் அம்மா. நான் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

படுக்கையிலும் சித்தி விளையாட்டை விடவில்லை. அன்று அவள் கொடுத்த சொல் 'நலிந்த'. நான்கு நாளாக அக்காவே ஜெயித்துக்கொண்டிருந்தாள், எனக்குப் பொறுக்கவில்லை. 'நலிந்த: எண்ணெயோடு வரும் சாமியாரை அம்மா கோயில் வாசலிலேயே மடக்கி அனுப்பிவிடுவதால் இன்னும் சாகாமல் இருப்பவர்' என்று எழுதி நீட்டினேன். அது சித்தியைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு அது என்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை.

சித்தி படித்துவிட்டுச் சிரிக்க வாயைத் திறந்தாள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"எப்படி மடக்கினா?"

"அம்மா சொன்னிச்சு. எண்ணெயோட வந்தா நீ செத்துடுவியாம்."

நோட்டை இன்னொரு முறை படித்து மூடினாள். "இன்னிக்கு நீதான்டி ஜெயிச்ச," என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, நாளைக்குச் சாமியாரை வரச்சொல்லு. நாகப்பட்டினத்துக்கு ஆள் அனுப்பி அண்ணனையும் வரச்சொல்லு," என்றாள். அந்த மாமாவோடு அவளுக்கு நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. அம்மா என்னை அடிக்கவில்லை. நோட்டைப் பிடுங்கிப் படித்து, அடுப்பில் சொருகிவிட்டு, "நீதான்டி அவள கொன்ன," என்று மட்டும் சொன்னாள்.

சாமியார் வந்தார், பூசினார். மாமா வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வரும்போது அழுது முகம் வீங்கியிருந்தது. அதன்பின் சித்தி கீழாநெல்லியைத் தொடவில்லை, கஞ்சியையும் தொடவில்லை. எட்டாம் நாள் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த மாதத்தை நான் தின்றுவிட்டேன் என்பது அம்மாவின் கணக்கு. அந்த எட்டு நாள் இல்லாவிட்டால் தங்கை முகத்தில் முழிக்காமலே இருந்திருப்பேன் என்று மாமா சாகும்வரை சொன்னார். இரண்டில் எது நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது சாமியாரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், முட்டிவலிக்காரர்களையும் சர்க்கரைக்காரர்களையும் கோயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாருக்கும் வரிசையாகப் பூசி, பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். பெயரும் 'நோயில்பூசுதல்' என்று மாறிவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் வாய் திறக்காமல் ஒரு விஷயத்தைச் சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே வழியும் அதோடு போய்விட்டது. இந்த வருஷம் அம்மாவும் பூசிக்கொண்டாள். பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

போன மாதம் தஞ்சாவூரில் அம்மாவுக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் என் பீரோவில் இருக்கிறது. சொல்லாதே என்று அக்கா சென்னையிலிருந்து தினமும் போன் செய்கிறாள். நேற்றுக் காலையில் தலை வாரிவிடும்போது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதுல என்ன போட்டிருக்கு? உங்கக்கா மழுப்புவா. நீ மறைக்க மாட்ட, அதான் உன்கிட்ட கேக்குறேன்."

"ஒண்ணுமில்லம்மா, குடல் புண்ணுதான். மாத்திரைல சரியாயிடும்," என்றேன்.

அம்மா நம்பிவிட்டாள். மத்தியானம் ரசம் கேட்டு வாங்கி, ஒரு பிடி சோறு கூடுதலாகவே சாப்பிட்டாள்.