உள்பக்கம் மட்டும் தேய்ந்த டயர்கள்

தூத்துக்குடியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வேகத்தடை, இன்னொன்று ஊர் வாய். "என்ன அண்ணாச்சி, படுத்துக்கிட்டே ஓட்டுதியளா?" என்று கேட்காத ஆள் துறைமுகச் சாலையில் கிடையாது. கேட்டுவிட்டுப் போகட்டும். பாதி ஆயுசை கன்டெய்னர் கிளியரிங் ஆபீசில் தொலைத்தவன், சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்த ரெண்டு சீட்டு சிவப்பு வண்டியை ஆசைப்பட்டு வாங்கினால் இவர்களுக்கு என்ன வந்தது?

என் மனைவிக்கு வந்தது, நியாயமான பயம். அவள் தம்பி பைக்கில் பறந்து போய் பைபாசில் ஒரு லாரிக்கு அடியில் முடிந்துபோனவன். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அறுபதத் தாண்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். இருநூறுக்கு மேல் போகிற வண்டியை அறுபதில் ஓட்டுவது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் தலையில் வைத்த கை. தாண்டவில்லை.

இந்த லட்சணத்தில் பின் டயர்கள் தேயத் தொடங்கின. நின்று பார்த்தால் ரப்பர் பட்டன், அந்த மேடு பள்ளக் கட்டம் எல்லாம், புதுசு போல இருக்கும். குனிந்து உள்பக்கம் பார்த்தால் வழுக்கை, கம்பி எட்டிப் பார்க்கும். இரண்டு டயரையும் மாற்றினேன். சில மாதத்தில் அவையும் அதே மாதிரி.

அலைன்மென்ட் கடைக்கு எடுத்துப்போனேன். டிக்கியைக் காலி செய்துவிட்டுத்தான் மேடையில் ஏற்ற வேண்டும் என்பது அந்தக் கடை முறை, எல்லாக் கடை முறையும் அதுதான். காலி செய்தேன். திரையில் நான்கு சக்கரமும் பச்சை காட்டியது. கடைக்காரர் கையை விரித்தார்.

"வண்டில ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. ஓட்டுத கைதான்."

நாசமாய்ப் போக! அதை அவர் என் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

வேகமாக எடுத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டால் டயர் முழு அகலத்துக்கும் தேயும், வளைவில் அடித்து ஓட்டினால் வெளி ஓரம் தேயும், காற்று அதிகமானால் நடுப்பக்கம் தேயும். உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனையும் தேடிப் படித்து, மூச்சுவிடாமல் அவளிடம் ஒப்பித்தேன்.

"நீங்க படிச்சதச் சொல்லுதிய. நான் டயரப் பாக்கேன்" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பிறகு அவள் வண்டியில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயர்புரத்திலிருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போவதுதான் வழக்கம். அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். நான் தனியாகக் காரில் பின்னால் போவேன், தண்ணீர் எடுக்க. எங்கள் தெருத் தண்ணீரில் காப்பி போட்டால் அவளுக்குத் தொண்டையில் இறங்காது, அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்தே டிக்கி கொள்ளும் மட்டும் கேன்களில் பிடித்து வருவேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் கேன்கள் டிக்கியிலேயே கிடக்கும். தேவைக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறுவேன்.

போகிற வழி நெடுக பக்கத்து சீட் காலியாக இருக்கும். ஒரு பொய்யும் சொல்லாமல் பொய்யன் ஆகிவிட்டேனே என்று அந்த சீட்டிடம் புலம்புவேன். வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். விற்றால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் தண்ணீரோடு முன்னால் கிளம்பிவிட்டேன். வழியில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் காதைக் கிழித்து, என்னைத் தாண்டிப் போனது. தினமும் நடக்கிறதுதான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால், கீழே கேட்டுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த பஸ்ஸுல மொத சீட்டுல நான்தான் இருந்தேன்."

நான் சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன்.

"பின்னாலயே வந்தோம். டிரைவர் உங்கள ஏசிக்கிட்டே வாராரு, இந்த வண்டிய வாங்கிட்டு மாட்டுவண்டி கணக்கா உருட்டுதானேன்னு. ரோட்டுல வேற ஒரு வண்டி இல்ல. நான் பாக்கேன்னும் உங்களுக்குத் தெரியாது." அவள் குரல் உடைந்தது. "தெனமும் இப்படித்தான் போறியளா?"

"சத்தியம் பண்ணிருக்கம்லா ஏளா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். "இன்னொண்ணும் பாத்தேன். பின்னால இருந்து பாத்தா வண்டி குண்டி தரைய ஒரசுது. ரெண்டு சக்கரமும் கால அகட்டிக்கிட்டு ஓடுது. இந்தா, இப்பவும் அப்படித்தான் நிக்கி."

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் நின்றது. அட மடையா! வாரம் முழுக்கத் தண்ணீரைச் சுமந்து ஓட்டிவிட்டு, அலைன்மென்ட் பார்க்கும்போது மட்டும் இறக்கி வைத்திருக்கிறேன்.

மறுநாள் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி கேன்களோடு மேடையில் ஏற்றினோம். பின்சக்கரம் இரண்டும் சிவப்பு. பழைய வண்டி, ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. தண்ணீர் ஏறியதும் உட்கார்ந்து, சக்கரத்தை உள்ளே சாய்த்திருக்கிறது. புது ஸ்பிரிங் போட வேண்டும், டிக்கிச் சுமையைக் குறைக்க வேண்டும், தூக்குகிற சுமையோடு வைத்து அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்றார். "கை இல்ல அண்ணாச்சி, தண்ணிதான்" என்று அவளைப் பார்த்தும் சொன்னார். நல்ல மனுஷன்.

அடுத்த ஞாயிறு அம்மா வீட்டு வாசலில் டிக்கியில் ஒரே ஒரு கேனை வைத்தேன். இன்னொரு கேனை அவள் தூக்கிக்கொண்டு வந்து, முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் ஏறியதும் கதவுக் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொள்வாள். அன்று இரண்டு கையும் கேன் மேலே இருந்தன.

பாதி வழியில் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நான் வழக்கம்போல் ஒதுங்கப் போனேன்.

"ஒதுங்காதிய" என்றாள் அவள். "கொஞ்சம் மிதிங்க. நான் பக்கத்துலதான இருக்கேன்."